வேலியோரம் உழாமல் விட்ட துண்டு

கிரவீன், சிட்னி,
தைப்பூசம் கழிந்து நாலாம் நாள்.

அன்புள்ள மகள் தாரிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சஞ்சயும் அந்தக் கனடாச் சாஸ்கட்டூன் குளிரில் சுகமாய் இருக்கிற நேரம் பார்த்து இது உங்கள் கையில் கிடைக்கட்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். காய்ச்சல் தடிமன் ஏதும் இருந்தால் மாறும்வரை மேசையில் வைத்துவிட்டுப் பிறகு வாசி, சாவுச் செய்தி ஒன்றும் இதில் இல்லை. வெள்ளிக்கிழமைதானே போனில் கதைத்தோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாய் திறக்க நீ இடையில் புகுந்துவிடுவாய், நானும் அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன். ஏழு மாதமாக அப்படித்தான் செய்தேன். கடிதத்தில் என்றால் இடையில் புக ஆளில்லை, தாவவும் இடமில்லை. அப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், கடைத் துண்டில் கிறுக்குகிற மாதிரிக் கிறுக்காமல் பிள்ளைக்கு விளங்கும்படி எழுதச் சொல்கிறார்.

முதலில் வீட்டுப் புதினம். இங்கே சரியான வெயில், பின்வளவுக் கறிவேப்பிலைகூட வாடிவிட்டது. பெண்டில் ஹில்லில் நம் மாக்கடை வழமைபோல ஓடுகிறது, டார்னெய்ட் கடைக்காரர் அவித்த கோதுமை மாவும் வறுத்த அரிசி மாவும் இன்னும் கூடக் கேட்கிறார், மெல்பேர்ணுக்குப் போகிற லொறியில் ஏற்றிவிடுகிறேன். சனத்தோடு சிரித்துக் கதைக்கிறேன். ஆனால் பிள்ளை, உனக்குத்தான் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. போன கிழமை மா வறுத்துக்கொண்டு நின்றேன், அப்பா ஓடிவந்து, என்னப்பா மூக்கை எங்கை கழட்டி வச்சனீர், றோட்டு வரைக்கும் கருகல் மணக்குது என்றார். மணத்தைப் பிடித்தே இந்த வியாபாரத்தைக் கட்டியவள் நான். நீ குசினி மேசையில் பாடம் படிக்க, நான் பக்கத்தில் மா அவித்து, கராஜில் வைத்து வறுத்து, பக்கத்து வீட்டுக்காரர் புகை என்று கவுன்சிலுக்கு எழுதிப்போட, அதற்கும் பதில் சொல்லி வளர்த்த தொழில். எந்த நொடியில் தாச்சியை இறக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்றைக்கு அடுப்புக்கு முன்னால்தான் நின்றேன், எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. கவலையா என்றால் கவலையும் இல்லை. அழுகை வந்தால் அழுது முடித்துவிட்டு அலுவலைப் பார்க்கலாம், அதுவும் வரவில்லை. டொக்டரிடம் போ என்று உடனே எழுதாதே. எனக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தெமோராக் கோதுமைக் காணியைப் பற்றி. போன வருடம் கோதுமை அழிந்ததற்கு மழை பாதிக் காரணம், மற்றப் பாதிக்கு டெஸ்மன்ட் அங்கிள் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது அவர் இல்லை. நான்.

நீ அவரை இரண்டு தரம்தான் நேரில் கண்டிருப்பாய், அதனால் அவர் ஆரென்று சொல்லிவிட்டே போகிறேன். மன்னாரில் வயல் செய்த குடும்பம். படகில் வந்து, விசாவுக்காகச் சிட்னியை விட்டுத் தெமோராவுக்குப் போய், பன்னிரண்டு வருடம் வெள்ளைக்காரரின் கோதுமைக் காணிகளில் நின்று இந்த நாட்டு மண்ணைப் பழகினவர். எனக்குத் தானியம் மூட்டைக்குள் வந்த பிறகுதான் தெரியும், அதற்கு முந்திய கதை தெரியாது. அதனால்தான் காணி உன் பெயரிலும் என் பெயரிலும், வேலை அவருடையது, விளைச்சலில் அவருக்குப் பங்கு என்று பேசினோம். முதல் இரண்டு வருடமும் நீ அங்கே படித்த பயிர்ப் படிப்பை வைத்துச் சொன்னபடியே, வேலிக்கு அந்தப் பக்கம் கொலின் செய்கிறபடியே, உழாமல், அறுத்த பயிரின் தாளை அப்படியே நிற்கவிட்டு, கொலினின் விதைக்கிற மெசினை வாடகைக்கு எடுத்துத் தாளுக்கு நடுவில் விதைத்தார். பெரிய விளைச்சல் என்று சொல்ல மாட்டேன், குறையும் சொல்ல மாட்டேன்.

போன பங்குனியில் நானும் அப்பாவும் நம் ஜெயரட்ணம் அண்ணையைக் காணி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். கோயிலில் எல்லாருக்கும் முன்னால் எனக்குப் புகழ் சொல்கிற மனிசன், ஒரு பெருமைக்குத்தான் கூட்டிப்போனேன். அவர் வாகனத்தால் இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். இதென்ன ராஜேஸ், பாதி மொட்டை அடிக்கேக்கை நாவிதன்ரை கையைத் தட்டிப்போட்டு எழும்பி ஓடினவன்ரை தலை மாதிரிக் கிடக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்குள் போய் இருந்துவிட்டது. உனக்குத் தெரியும் நான் எப்படிப்பட்ட ஆள் என்று. கடை திறக்க முன் வாசலை இரண்டு தரம் கூட்டுவேன், மா மூட்டையில் ஒரு தும்பு கிடந்தாலும் திருப்பி அரிப்பேன். அந்த வருடம் நல்ல நாள் பார்த்து நாள் விதைப்புச் செய்வது என்றும், வான் வண்டிகள் பிடித்துக் கோயில் சனம் முப்பது பேரைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுப்பது என்றும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அந்த முப்பது பேரும் வந்து நின்று இந்தக் குப்பையையா பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை. டெஸ்மன்டைக் கூப்பிட்டு, தாளை வாரி ஒரு மூலையில் போட்டுக் கொளுத்தும், காணியை மூன்று உழவு உழுது மட்டப்படுத்தும் என்று சொன்னேன்.

அவர் மறுத்தார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் மறுத்தார். அக்கா, கொலின் இருபத்திரண்டு வருசமாத் தாளிலை கைவைக்கேல்லை, கோடையிலை பெஞ்ச மழை எல்லாம் உதுக்குக் கீழைதான் கிடக்கு, மழை பிழைச்சா அதை வச்சுத்தான் பயிர் தலை தூக்கும், கிளறினா அவ்வளவும் போயிடும் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. தம்பி, காணி என்ரை பேரிலை கிடக்கு, சனம் வாற அண்டைக்கு வயல் வயல் மாதிரி இருக்கோணும் என்றேன். பாதிக் காணி உன்னுடையது, உன்னைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கடைசியில் சரி அக்கா என்றார். அப்பா அன்று திரும்பி வரும்போது, கவுல்பர்ணில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்தில், அந்தாள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றார். நீங்கள் சும்மா இருங்கோ என்றேன்.

நாள் விதைப்பு நன்றாகத்தான் நடந்தது. சித்திரை முடிகிற நேரம், இதமான வெயில். திருப்பின மண் கருஞ்சிவப்பாக, ஈரமாக, வாசமாகக் கிடந்தது. நிறைகுடம் வைத்து, கிழக்குப் பார்த்து ஒவ்வொருவரும் ஒரு பிடி விதை போட்டார்கள். இதல்லோ வயல் என்றார் ஜெயரட்ணம் அண்ணை. நான் அந்தப் படத்தைத்தான் பிறகு மாப் பையில் அடிக்கக் கொடுத்தேன். அந்த வாசமும் ஈரமும் நாங்கள் நின்று ரசித்த அந்த நேரமே எங்களுக்கு முன்னால் காற்றில் போய்க்கொண்டிருந்தன என்று அங்கு நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. டெஸ்மன்டுக்கு விளங்கியிருக்கும். அவர் சோற்றுக் கோப்பையோடு தள்ளிப்போய் வேலியோரம் நின்று சாப்பிட்டார். நான்தான் கூப்பிட்டு, ஏன் தம்பி ஒதுங்கி நிக்கிறீர், வாரும் படத்துக்கு என்றேன். வந்து நின்றார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஆனி தொடக்கத்தில் ஒரு சின்ன மழை, மண் மேலே அப்பளம் மாதிரிப் பொருக்குக் கட்டியது, முளை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. அதற்குப் பிறகு மழை இல்லை. ஆடியில் காற்று வந்தது. நம்முடைய மண் எழும்பிப் போய்க் கொலினின் தாளுக்குள் விழுந்து அங்கேயே தங்கியது. அவருடைய தாள் நம்முடைய மண்ணையும் பிடித்து வைத்துக்கொண்டது, நமக்குப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை. புரட்டாதியில் கதிர் வந்தபோது சுடுகாற்று அடித்து எல்லாம் வெள்ளைக் கதிராய்ப் போயிற்று, கையில் கசக்கி ஊதினால் உமியோடு மணியும் பறந்தது. அந்த நேரம் நான் அங்கே போனேன். கொலின் ஒரு மண்வெட்டியோடு வந்து, தன் பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார், ஒரு சாண் கீழே மண் ஈரமாய்க் கையில் உருண்டது. வேலியைத் தாண்டி வந்து நம் பக்கத்தில் வெட்டினார். முழங்கை ஆழத்துக்கும் மாத்தான் வந்தது பிள்ளை, நான் விற்கிற மா மாதிரியே. அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஏதாவது சொல்லி ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவருக்கும் கொழுத்த விளைச்சல் இல்லை, வழமையில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஆனால் வந்தது. ஒரே மழை, ஒரே விதை, ஒரே மெசின், நடுவில் நாலு கம்பி வேலி. நமக்கு அறுக்க வந்தவன் இறங்கிப் பார்த்துவிட்டு, ஆடுகளை விட்டு மேய்த்துவிடச் சொல்லிப் போனான். டெஸ்மன்ட் அதற்கும் விடவில்லை, நிக்கிற நாலு தட்டையையும் ஆடு திண்டா அடுத்த காத்துக்கு மிச்ச மண்ணும் போயிடும் என்றார்.

இனி ஆடி மாதத்தில் நீ எடுத்த அந்த போன் கதை. நீ அங்கே சட்டலைட் படத்தில் நம் காணி மட்டும் செம்மண் சதுரமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஆரோ உழுதிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, எனக்கு எடுக்காமல் நேரே அவருக்கு எடுத்தாய். நான் அப்போது தெமோராவில் அவருடைய வீட்டில்தான் இருந்தேன், உனக்குத் தெரியாது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டார். அங்கிள், பன்னிரண்டு வருச அனுபவம் எண்டு அம்மாவை நம்ப வச்சீங்கள், உழாமல் விதைக்கிற நோ டில் எண்டா என்னெண்டு ஒரு ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும், ஹவ் குட் யூ டூ திஸ், எப்பிடி மனம் வந்தது என்றாய். இன்னும் எவ்வளவோ சொன்னாய், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பிழைதான் பிள்ளை, என்ரை பிழைதான் என்று மட்டும் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வைத்த பிறகு, விடுங்கோ அக்கா, பிள்ளைக்கு உங்களிலை மனம் வெறுக்கக் கூடாது, ஒரே பிள்ளை என்றார். அவருடைய மனிசி மாக்கிறேட் பலகாரத் தட்டோடு குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டவள். தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவள், நான் வெளிக்கிடும் வரை வெளியே வரவில்லை. போட்டு வாறன் பிள்ளை என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிப்போட்டு வந்தேன். எனக்கு மூக்கும் நாக்கும் செத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகையில் நீ, அடுத்த வருசத்துக்கு வேறை ஆளைப் பாருங்கோ அம்மா, இல்லாட்டி நான் சைன் வைக்க மாட்டன் என்றாய். நான் ம் என்றேன். ஒரு ம். வியாபாரத்தில் நான் ஆரிடமும் அப்படி ம் போட்டு ஏமாற்றியதில்லை, பழைய மாவைப் புதிது என்று ஒரு நாளும் விற்றதில்லை. நீ அவருக்கே ஈமெயில் போட்டுவிட்டாய் என்று பிறகுதான் அறிந்தேன். அவர்கள் பங்குனிக் கடைசியில் தெமோரா வீட்டை விட்டுப் போகிறார்கள். டார்னெய்ட்டில் மாக்கிறேட்டின் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில், ஏதோ ஒரு பொருட்கிடங்கில் பெட்டி அடுக்கிற வேலையாம். மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்கிற மனிசன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் கடைக்கு வந்தார். இந்த வருடம் சொந்தக் காணிக் கோதுமையில், புது விளைச்சலின் முதல் பொங்கலாகப் புதிர் பொங்குவேன், அந்த விளைச்சலில் எல்லாருக்கும் ஒரு பை தருவேன் என்று நான் கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது அவருக்குத் தெரியும். ஐந்து மணி நேரம் ஓடி வந்து, ஒரு மைலோ தகர ரின்னை மேசையில் வைத்து, அக்கா, புதிருக்குப் போதும், எங்கடை ஊரிலையும் முதல் நெல்லைக் கோயிலுக்குக் குடுத்துப்போட்டுத்தான் தொடுவம் என்றார். திறந்து பார்த்தேன், கோதுமை. ஒரு மணியை எடுத்துக் கடித்தேன், டக் என்று நடுவால் உடைந்தது. நிறைந்த மணி. எங்கை இருந்து தம்பி, கொலின் தந்தவரோ என்று கேட்டேன். இல்லையக்கா, எங்கடைதான், வேலியோரம் மூண்டு அடி உழாமல் கிடந்தது, உழவு மெசின் திரும்ப இடம் காணேல்லை, அதுக்குள்ளை நிண்டதைக் கத்தியாலை அறுத்தனான் என்றார். மெசின் திரும்ப இடம் இருந்தது. நாள் விதைப்பு அன்று அந்த இடத்தில்தான் முப்பது பேர் வந்த வான்களைத் திருப்பினார்கள். வேண்டுமென்றுதான் விட்டு வைத்திருக்கிறார். ஓரப் பயிர் எப்போதும் கொஞ்சம் நன்றாகத்தான் வரும், அதை வைத்து முழு வயலையும் கணக்குப் போடக் கூடாது என்று நீ சொல்வாய். தெரியும். ஆனால் அது ஓரத்தில் மூன்று அடி, அதற்கு அடுத்த அடியில் ஒன்றும் இல்லை. நின்று சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், மாக்கிறேட் தனிய நிக்கிறாள் அக்கா என்று வெளிக்கிட்டுவிட்டார்.

நான் புதிர் பொங்கவில்லை. கோயில் சனத்துக்குக் கடைக் கோதுமையில் பொங்கிக் கொடுத்தேன், அது கடைக் கோதுமை என்றும் சொல்லிவிட்டேன். கதையை முழுக்கச் சொன்னேன். ஜெயரட்ணம் அண்ணை, அப்ப என்ரை பகிடிதான் பயிரைத் திண்டது என்றார். இல்லை அண்ணை, உங்கடை பகிடியைக் கேட்டுக் காசு குடுத்து உழுவிச்சது நான் என்றேன். வயல் படம் போட்ட பைகள் கராஜில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, அவற்றைக் குப்பைக்குப் போடப் போகிறேன். ரின் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது. விதைத்து உழைத்தவனுக்கு முதல் கவளம் கொடுக்காமல் புதிர் சாப்பிட எனக்கு முடியாது, அவரை நீ போகச் சொன்னபடி போகவிட்டுவிட்டு அதைத் தொடவும் முடியாது.

இனி உன்னிடம் கேட்பது. டெஸ்மன்டை முந்தநாள் போனில் கேட்டேன், தம்பி, நீர் நிண்டால் இந்த வருசம் என்ன செய்வீர் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அக்கா, மண் மேலை இப்ப தாள் இல்லை, மழை விழுந்த உடனை பார்லி விதைக்கோணும், ஆனா அறுக்கக் கூடாது, வளர்ந்ததை மடிச்சுப் படுக்கப் போடோணும், போர்வை திரும்பி வாறதுக்கு ஒரு வருசம் குடுக்கோணும், உங்களுக்கு ஒரு மணியும் கிடையாது என்றார். விற்கிறதுக்கு இல்லாமல் ஒரு பிடி மாக்கூட அவிக்காதவள் நான். ஓம் என்றேன். யோசிக்காமல் சொல்லவில்லை, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். உன் படிப்புக்கு அது சரியா பிழையா என்று நீ சொல்லு, பிழை என்றால் அவரோடு கதைத்துத் திருத்து. ஆனால் அதைச் செய்வது அவராகத்தான் இருக்க வேண்டும், அதற்கு உன் கையெழுத்தும் வேண்டும். அதைவிட முதலில் அவருக்கு உன் வாயால் ஒரு மன்னிப்பு வார்த்தை வேண்டும். என்னோடு நீ கோபித்துக்கொள், எவ்வளவு நாளைக்கு என்றாலும் சரி, அது எனக்கு உரியது. அவரிடம் போன கோபம் திரும்பி வர வேண்டும்.

சஞ்சய்க்கு என் அன்பைச் சொல்லு, தோள் நோவுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்லு, மாத்திரையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பனியில் கார் ஓட்டும்போது நீ போனைத் தொடாதே. முருகன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், கையில் நல்ல தொழிலும், தவறினால் அதைச் சொல்லிவிடுகிற மனமும் தரட்டும்.

மறக்காதே, டெஸ்மன்ட் வீட்டார் ஞாயிறு பூசைக்கு எட்டு மணிக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள். இங்கே ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன் எடு, அது உனக்குச் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. மாக்கிறேட்டும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொல்லு. அவர் முதல் வாயிலேயே, இல்லைப் பிள்ளை, என்ரை பிழைதான் என்பார். நம்பாதே.

உன்
அம்மா இராஜேஸ்வரி